தட்டில் முளைக்கும் தீவனம்: எடையா, ஊட்டமா?

(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் பெற்றோர்களுக்கும் மாணவர்களுக்கும் ஆற்றிய உரை)



பரிசளிப்பு விழா என்றால் கல்வியின் பெருமையைப் பேசுவதுதான் வழக்கம். நானோ இன்று மாட்டுத் தீவனத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். யாரும் சிரிக்க வேண்டாம். நம் பழந்தமிழில் 'மாடு' என்ற சொல்லுக்கே செல்வம் என்று ஒரு பொருள் உண்டு. திருவள்ளுவரும் அந்தப் பொருளில் அதை ஆண்டிருக்கிறார். ஆகவே மாட்டைப் பற்றிப் பேசினாலும் அது செல்வத்தைப் பற்றிய பேச்சுதான். அந்தச் செல்வம் கைநழுவிப் போகாமல் காப்பது கல்விதான்.

இந்தத் தம்போய் வட்டாரத்தில் இன்று தொழிற்சாலைகளும் வீடமைப்புப் பகுதிகளுந்தான் கண்ணுக்குத் தெரிகின்றன. ஆனாலும் தோட்டங்களிலிருந்து இங்கே குடிவந்த பல குடும்பங்கள் ஆடு மாடு வளர்க்கும் பழக்கத்தை விடவில்லை. நான் வேலை செய்யும் தோட்டத்திலும் லயத்துக்குப் பின்னால் நாலு ஆடு, ஒரு கறவை மாடு என்று வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். பிள்ளைகளின் பள்ளிச் செலவுக்கு அந்தப் பால் காசு உதவுகிறது. தீபாவளிக்கு ஒரு கிடாவை விற்றால் வீட்டில் நாலு பேருக்குப் புதுத்துணி.

இவர்களுக்கெல்லாம் இப்போது ஒரே கவலை, புல். பால்மரத்தின் அடியில் அறுத்த புல்லும், ஆற்றோரத்தில் மேய்ந்த இடமும் வருஷத்துக்கு வருஷம் குறைந்துகொண்டே போகின்றன. செம்பனைத் தோட்டத்தில் அறுக்கலாமென்றால் களைக்கொல்லி மருந்து அடித்திருப்பார்களோ என்ற பயம். பாராகுவாட் என்ற கொடிய மருந்தை நம் அரசாங்கம் 2020 சனவரி முதல் தேதியிலிருந்து தடை செய்துவிட்டது உண்மைதான். ஆனால் மற்ற மருந்துகள் இருக்கத்தானே செய்கின்றன?

இந்தச் சமயத்தில்தான் கைத்தொலைபேசியில் ஒரு படம் வலம் வருகிறது. தட்டுத் தட்டாக அடுக்கிய அலமாரி. மண் இல்லை, வெயில் இல்லை. ஏழே நாளில் முழ உயரத்துக்குப் பச்சைப்பசேலென்று பயிர். அதைப் பாய் போலச் சுருட்டி மாட்டுக்கு முன்னால் வைக்கிறார்கள். மாடு ஆசையாகத் தின்கிறது. அதன் பெயர் ஹைட்ரோபோனிக்ஸ் பசுந்தீவனம்.

வேலை ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் என்னிடம் வந்தார். "வாத்தியாரே, ஒரு கிலோ சோளம் போட்டா ஏழு கிலோ தீவனம் வருதாம். சேமநிதிக் காசுல கொஞ்சம் எடுத்து அந்த அலமாரியை வாங்கிப் போடலாமான்னு பாக்குறேன். நீங்க என்னா சொல்றீங்க?" என்று கேட்டார். நாற்பது வருஷம் வெயிலிலும் மழையிலும் உழைத்துச் சேர்த்த காசு அது. அதற்குப் பதில் சொல்லுமுன் நான் படிக்க வேண்டியிருந்தது. படித்ததைத்தான் இன்று உங்கள்முன் வைக்கிறேன்.

முதலில் இந்தப் பெயரைப் பார்ப்போம். மண்ணில்லாமல் நீரில் செடி வளர்ப்பது புதிய விஷயமல்ல. ஜெர்மனியில் ஜூலியஸ் சாக்ஸ் என்ற விஞ்ஞானி 1860-ஆம் ஆண்டளவிலேயே உப்புச் சத்துகளைக் கரைத்த நீரில் செடிகளை வளர்த்துக் காட்டினார். அமெரிக்காவில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கெரிக் என்பவர் அதைப் பெரிய அளவில் செய்தார். 1937-இல் அதற்கு 'ஹைட்ரோபோனிக்ஸ்' என்ற பெயர் வழங்கலாயிற்று. கிரேக்க மொழியில் 'ஹைட்ரோ' என்றால் நீர், 'போனோஸ்' என்றால் உழைப்பு. இந்தியாவில் 1946 வாக்கில் ஷோல்டோ டக்ளஸ் என்பவர் வங்காளத்தில் இந்த முறையை எளிமைப்படுத்தி, ஏழைகளும் செய்யத்தக்க வகையில் ஆராய்ந்தார்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இவர்களெல்லாம் நீரில் சத்துகளைக் கரைத்துக் கொடுத்தார்கள். செடி அவற்றை உறிஞ்சி, வாரக்கணக்கில் வெயிலில் நின்று வளர்ந்தது. நம் தீவனத் தட்டிலோ பெரும்பாலும் வெறுந்தண்ணீரைத்தான் தெளிக்கிறார்கள். ஏழெட்டு நாளில் எடுத்தும்விடுகிறார்கள். அப்படியானால் அந்தப் பயிர் எதைத் தின்று வளர்ந்தது?

இதற்கு விடை நம் தாய்மார்களுக்குத் தெரியும். மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு முளைப்பாரி போடுகிறோமே, அதை நினைத்துப் பாருங்கள். நவதானியத்தை ஊறவைத்து, சட்டியில் தூவி, இருட்டறையில் வைத்து, வேளாவேளைக்குத் தண்ணீர் தெளிக்கிறோம். ஒரு வாரம், ஒன்பது நாளில் முளை நெடுநெடுவென்று வளர்ந்து நிற்கிறது. தட்டுத் தீவனமும் கிட்டத்தட்ட முளைப்பாரிதான். அந்த முளை வளர்ந்தது விதைக்குள் இருந்த மாவைத் தின்றுதான். திருவிழா முடிந்தபின் வேரோடு பிடுங்கி விதையை நசுக்கிப் பாருங்கள். உள்ளே மாவு வற்றி, தோல் சக்கையாக இருக்கும். தாய் தன்னைக் கரைத்துப் பிள்ளைக்குப் பால் கொடுப்பது மாதிரி, விதை தன்னைக் கரைத்து முளையை வளர்க்கிறது.

சரி, இதைச் செய்வது எப்படி? நல்ல மக்காச்சோளத்தையோ பார்லியையோ எடுத்துக் கழுவ வேண்டும். மிதக்கும் சொத்தை விதைகளை நீக்கிவிட்டு, 12 முதல் 24 மணி நேரம் ஊறவைக்க வேண்டும். பிறகு நீரை வடித்து, ஈரக் கோணிச்சாக்கில் ஒரு நாள் கட்டிவைத்தால் முளை எட்டிப் பார்க்கும். அதை அடியில் துளையிட்ட தட்டில் மெல்லிசாகப் பரப்பி, நிழலில் வைத்து, தினமும் பல தடவை சிறிது சிறிதாகத் தண்ணீர் தெளிக்க வேண்டும். ஏழெட்டு நாளில் 20 முதல் 30 சென்டிமீட்டர் உயரத்துக்கு வந்துவிடும். வேர்கள் பின்னிப் பாய் மாதிரி ஆகிவிடும். வேர், விதை, இலை எல்லாவற்றையும் சேர்த்தே மாட்டுக்குக் கொடுக்கலாம்.

இந்தியாவில் கோவா மாநிலத்தில் உள்ள இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகத்தின் நிலையத்தார் 2010-க்குப் பிறகு இதை நன்றாக ஆராய்ந்திருக்கிறார்கள். ஒரு கிலோ மக்காச்சோளத்துக்கு ஐந்தரைக் கிலோ அளவில் தீவனம் கிடைக்கும் என்றும், நூற்றுக்கு 11 முதல் 14 பங்குதான் அதில் உலர்ந்த பொருள் என்றும் கண்டார்கள். மீதி அத்தனையும் தண்ணீர். உற்பத்திச் செலவில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு அளவுக்கு விதைக்கே போகிறது என்பதும் அவர்கள் சொன்னதுதான்.

இப்போது கணக்குப் பாடம். மாணவர்கள் கூடவே போட்டுப் பார்க்கலாம்.

ஒரு கிலோ காய்ந்த மக்காச்சோளத்திலும் கொஞ்சம் ஈரம் இருக்கும். அதை நீக்கினால் ஏறத்தாழ 880 கிராம் உலர்ந்த பொருள். இதை முளைக்கப்போட்டு ஐந்தரைக் கிலோ தீவனம் எடுக்கிறோம். அதில் நூற்றுக்கு 13 பங்கு உலர்ந்த பொருள் என்று வைத்துக்கொள்வோம். ஐந்தரைக் கிலோவில் அது 715 கிராம். 880-ஐக் கொடுத்து 715-ஐ வாங்கியிருக்கிறோம். ஏழு நாள் வேலையும் செய்து, தண்ணீரும் தெளித்து, கடைசியில் 165 கிராம் நட்டம்!

எங்கள் பள்ளி அறிவியல் கழகப் பிள்ளைகள் இதைச் செய்தே பார்த்தார்கள். அரைக்கிலோ சோளத்தை முளைக்கப்போட்டார்கள். இன்னோர் அரைக்கிலோவை அப்படியே வைத்துக்கொண்டார்கள். பாய் தயாரானதும் நிறுத்தார்கள். எடையைப் பார்த்ததும் ஒரே கைதட்டல். பிறகு இரண்டையும் தகரத்தில் பரப்பி, எடை மாறாமல் நிற்கும்வரை நாள்கணக்கில் வெயிலில் காயவைத்து மறுபடி நிறுத்தார்கள். முளைக்கப்போட்ட சோளம், போடாத சோளத்தின் எடைக்கு வரவேயில்லை. அப்போது ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி எழுந்து, "சார், மீதி எங்க சார் போச்சு?" என்று கேட்டாள்.

எனக்கு இந்த மேடையில் பரிசு கொடுக்கும் உரிமை இருந்தால் அந்தக் கேள்விக்குத்தான் கொடுப்பேன். மீதி காற்றில் போயிற்று. விதை முளைக்கும்போது அதுவும் நம்மைப்போல் மூச்சுவிடுகிறது. மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கி, அந்தச் சர்க்கரையை எரித்து, அதிலிருந்து வரும் சக்தியால் வேரும் இலையும் கட்டுகிறது. எரிந்தது கரியமில வாயுவாக வெளியே போய்விடுகிறது. முளைகட்டிய சாக்குக்குள் கையை விட்டால் வெதுவெதுப்பாக இருப்பதும் இதனால்தான். இலை பச்சையாகி வெயிலிலிருந்து உணவு தயாரிக்கத் தொடங்குகிற நேரத்தில் நாம் அறுவடை செய்துவிடுகிறோம். இழந்ததை ஈடுகட்ட அதற்கு அவகாசமில்லை.

"புரதம் கூடுகிறதாமே?" என்று கேட்பார்கள். நூற்றுக்கு எத்தனை பங்கு என்று பார்த்தால் கூடத்தான் செய்கிறது. மாவு எரிந்து குறைந்ததால் புரதத்தின் பங்கு பெரிதாகத் தெரிகிறது. மொத்தப் புரதம் ஏறக்குறைய அதே அளவுதான். குடும்பத்தில் மற்றவர்கள் வெளியூர் போய்விட்டால், வீட்டில் இருக்கிறவர் பங்கு பெரிதாகத் தோன்றுமே, அதுபோல.

காசுக் கணக்கும் பார்த்துவிடுவோம். சோளம் கிலோ இரண்டு வெள்ளி என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். சோளத்தை உடைத்து அப்படியே கொடுத்தால் உலர்ந்த பொருள் கிலோவுக்கு 2 வெள்ளி 27 காசு. முளைக்கவைத்துக் கொடுத்தால் 2 வெள்ளி 80 காசு. இதில் அலமாரி, மின்சாரம், நம் உழைப்பு எதையும் சேர்க்கவில்லை. ஆஸ்திரேலியாவில் குவீன்ஸ்லாந்து அரசு அதிகாரிகள் 2003-இல் இறைச்சி மாடுகளுக்காக இதை ஆராய்ந்தார்கள். எல்லாச் செலவையும் சேர்த்தால், உலர்ந்த பொருளின் கணக்கில் முளைத்தீவனத்தின் விலை தானியத்தைப்போல் இரண்டு முதல் ஐந்து மடங்கு வரை ஆகலாம் என்று எழுதினார்கள்.

இன்னொன்று. அந்தச் சோளம் எங்கிருந்து வருகிறது? மலேசியா தீவனத்துக்காக ஆண்டுக்கு 30 இலட்சம் டன்னுக்கும் மேலான மக்காச்சோளத்தை இறக்குமதி செய்கிறது. பெரும்பகுதி அர்ஜென்டினாவிலிருந்தும் பிரேசிலிலிருந்தும் கப்பலேறி வருகிறது. ஆகவே தட்டில் முளைத்தாலும் அது நம் ஊர்த் தீவனமாகிவிடாது. அங்கே மழை பொய்த்தால் இங்கே நம் ஆட்டுக்கொட்டகையில் விலை ஏறும்.

அப்படியானால் இது ஏமாற்று வேலையா? அப்படிச் சொல்ல மாட்டேன். சொன்னால் அதுவும் பொய்யாகிவிடும். தண்ணீர் பஞ்சமான ஊரில், துண்டு நிலங்கூட இல்லாதவருக்கு, வெளியே புல்லே கிடைக்காத மாதத்தில் இது பெரிய உதவி. கோவா ஆய்வின்படி ஒரு கிலோ தீவனத்துக்கு இரண்டு மூன்று லிட்டர் தண்ணீர் போதும். பச்சை இலையில் வைட்டமின் சத்துகள் கூடுகின்றன. மாடு விரும்பித் தின்கிறது, எளிதில் செரிக்கிறது. கறவை மாட்டுக்கு மற்றத் தீவனத்தோடு சேர்த்துக் கொடுத்தபோது பால் நூற்றுக்கு 8 முதல் 13 பங்கு கூடியது என்றும் அங்கே பதிவு செய்திருக்கிறார்கள். வைக்கோலும் புண்ணாக்கும் மட்டுமே தின்கிற மாட்டுக்கு இது கீரை மாதிரி. ஆனால் கீரையை மட்டும் தின்று யாராவது வயிறு நிரப்ப முடியுமா?

400 கிலோ எடையுள்ள பசு ஒரு நாளைக்கு 10 முதல் 12 கிலோ உலர்ந்த பொருள் தின்ன வேண்டும். அதில் 10 கிலோவை முளைத்தீவனத்தாலேயே கொடுக்க நினைத்தால் 77 கிலோ பாய் சுருட்ட வேண்டும். அதற்குத் தினமும் 14 கிலோ சோளம் வேண்டும். ஆகாத காரியம்!

ஆபத்தும் உண்டு. நம் ஜொகூரின் வெக்கையும் ஈரமும் பூஞ்சணத்துக்குச் சொர்க்கம். முளைகட்டிய தானியத்தில் வளரும் ஆஸ்பெர்ஜில்லஸ் கிளாவேட்டஸ் என்ற ஒரு பூஞ்சணம் மாட்டுக்கு உடல் நடுக்கம் கொடுத்து, கால் தடுமாறி விழச் செய்து, உயிரையே வாங்கிவிடும். ஆகவே தட்டில் வெள்ளை, கறுப்பு, பச்சை என்று எந்தப் பூஞ்சணம் கண்டாலும், புளித்த வாடை வந்தாலும், காசு போச்சே என்று பார்க்காமல் கொட்டிவிடுங்கள். தட்டுகளை ஒவ்வொரு முறையும் நன்றாகத் தேய்த்துக் கழுவிக் காயவைக்க வேண்டும். விதைப்பதற்கென்று மருந்து கலந்து சிவப்பாகச் சாயமேற்றிய விதையைத் தொடவே கூடாது. வெள்ளைச் சோளத்தை முளைக்கவைத்துக் கொடுக்கக் கூடாது. இளம் சோளப் பயிரில் சயனைடு நஞ்சு உண்டாகும். அதனால்தான் நம் முன்னோர் தமிழ்நாட்டில் சிறு சோளப் பயிருக்குள் மாட்டை விடமாட்டார்கள். படிக்காதவர்கள் என்று நாம் நினைக்கிறோம்; அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

சரி வாத்தியாரே, வேண்டாம் வேண்டாம் என்கிறீரே, என்னதான் செய்வது என்று கேட்பீர்கள். நம் ஜொகூருக்கு ஆண்டவன் மழையைக் குறைவில்லாமல் கொடுத்திருக்கிறான். இங்கே நேப்பியர் புல் வருஷம் முழுவதும் வளரும். எருவும் உரமும் இட்டு, ஆறேழு வாரத்துக்கு ஒருமுறை அறுத்தால் ஹெக்டருக்கு ஆண்டுக்கு 20 டன் உலர்ந்த பொருள் என்பது எட்டக்கூடிய அளவுதான். ஏக்கரில் பத்தில் ஒரு பங்கு நிலம் கிடைத்தாலும் நாளுக்கு இரண்டு கிலோவுக்குச் சற்று மேல். 30 கிலோ எடையுள்ள ஆட்டுக்கு நாளைக்கு ஒரு கிலோ உலர்ந்த பொருள் என்றால், அது இரண்டு ஆட்டின் வயிற்றை நிரப்பும். அதே அளவைத் தட்டில் முளைக்கவைக்க ஆண்டுக்கு 1,100 கிலோ சோளம் வாங்க வேண்டும். மழையும் வெயிலும் இலவசமாகச் செய்கிற வேலைக்கு நாம் ஏன் அர்ஜென்டினாவுக்குக் காசு கட்ட வேண்டும்?

நம் ஊரிலேயே மலிவாகக் கிடைப்பது செம்பனைக் கொட்டைப் புண்ணாக்கு. மாட்டுக்கு நல்ல தீவனம். ஆனால் அதில் செம்புச் சத்து அதிகம்; செம்மறியாட்டுக்கு அது மெல்ல மெல்ல நஞ்சாகும். ஆகவே எதையும் கேட்டுச் செய்யுங்கள். நம் மாநிலத்திலேயே குளுவாங்கில் இன்ஸ்டிடியூட் வெட்டரினார் மலேசியா இருக்கிறது. 1969-இல் அமைந்த மார்டி ஆராய்ச்சிக் கழகம் இருக்கிறது. மாவட்டந்தோறும் கால்நடை அலுவலகம் இருக்கிறது. அங்கே போய்க் கேட்க வெட்கப்படக் கூடாது. அவர்கள் விற்கிறவர்கள் அல்லர். ஆகவே அவர்களிடம் முதலில் கேட்பது நமக்கு நல்லது.

இந்நாட்டில் மாடு வளர்ப்பு நமக்குப் புதிதல்ல. கால்நடைத் துறையார் ஒரு மாட்டினத்துக்கே 'உள்ளூர் இந்தியக் கறவை மாடு' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அவை நம் முன்னோர் கொண்டுவந்த மாடுகளின் வழித்தோன்றல்கள். பாலத்துக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூரில் பெரிய பிரசவ மருத்துவமனைக்குக் கண்டாங் கெர்பாவ் என்று பெயர் இருந்ததே, அதற்கு எருமைக் கொட்டகை என்று பொருள். இந்தியர்களின் மாட்டுத் தொழில் நடந்த வட்டாரம் அது. கட்டடங்கள் எழுந்துவிட்டன; பெயரில் மட்டும் கொட்டகை நிற்கிறது. நம் பகுதியிலும் பெயர் மட்டும் மிஞ்சும்படி விட்டுவிடக் கூடாது.

அந்தப் பெரியவருக்கு நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஐயா, சேமநிதியைத் தொடாதீங்க. முதல்ல பழைய பிளாஸ்டிக் தட்டு நாலு எடுத்து, ரெண்டு கிலோ சோளத்துல செஞ்சு பாருங்க. குட்டிக்கும் கறக்கிற மாட்டுக்கும் கொஞ்சம் கொஞ்சமா சேர்த்துக் கொடுங்க. கூடவே கொட்டகைக்குப் பின்னால நேப்பியர் கட்டை ஊன்றுங்க. மூணு மாசம் நோட்டுப் புத்தகத்துல கணக்கு எழுதுங்க. அப்புறம் பேசுவோம்" என்றேன். இப்போது அவர் நோட்டு எழுதுகிறார். கணக்குப் போட்டுக் கொடுப்பது நம் பள்ளியில் நான்காம் ஆண்டு படிக்கும் அவருடைய பேத்தி. அலமாரி வாங்குவதா வேண்டாமா என்பதை அந்த நோட்டுதான் சொல்லும்.

மாணவச் செல்வங்களே, நீங்கள் பெரியவர்களாகும்போது இதைப்போலப் பளபளக்கிற பல பொருள்கள் உங்கள் வாசலுக்கு வரும். ஒன்று ஏழாகும் என்பார்கள். அப்போது இரண்டு கேள்வி கேளுங்கள். அந்த ஆறு எங்கிருந்து வந்தது? காயவைத்தால் எவ்வளவு நிற்கும்? இந்த இரண்டையும் கேட்கத் தெரிந்த பிள்ளையை யாரும் ஏமாற்ற முடியாது. தராசு எல்லார் வீட்டிலும் இருக்கிறது. அதைப் பயன்படுத்தக் கற்றுக்கொடுப்பதுதான் பள்ளிக்கூடத்தின் வேலை.

பெற்றோர்களே, வீட்டுக் கணக்கைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். பாலை அளக்கட்டும், தீவனத்தை நிறுக்கட்டும், நோட்டில் எழுதட்டும். உங்கள் தொழிலும் தேறும், பிள்ளையின் கணக்குப் பாடமும் தேறும்.